நான் இரண்டு முறை எழுதிய சைக்கிள் கதை

எங்கள் நாரணாபுரத்துப் படிப்பகத்தில் பொங்கலுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை கொண்டுவருவார்கள். ஒரே பிரதிதான். பொங்கலன்று கூட்டத்தில் வாசித்துவிட்டு, பிறகு வீடு வீடாக அனுப்புவார்கள். அந்த வருடம் சைக்கிள் மலர். ஊரில் யார் முதலில் சைக்கிள் வாங்கினார், யார் கிணற்றுக்குள் விட்டார் என்று படிப்பகத்து இளைஞர்கள் நாலு பேர் தெருத்தெருவாகக் கேட்டு எழுதினார்கள். பெண்களிடம் கேட்பதற்கும் எல்லாவற்றையும் அழகாக நகலெடுப்பதற்கும் என்னைக் கூப்பிட்டார்கள். பத்தாவது வரை படித்திருந்தேன். மகள் அப்போது கைக்குழந்தை.

தீப்பெட்டி ஒட்டும் ஒரு பெண்ணிடம் போனேன். மாமனார் காலம்வரை எங்கள் வயலில் வேலை செய்த குடும்பம். எங்கள் வீட்டில் எல்லாரும் அந்தப் பெண்ணை 'நீ' என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவரை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; 'நீங்க' என்றால் மாமியார் காதுக்குப் போகும். இரண்டும் சொல்லாமலே பேசிச் சமாளித்தேன். இங்கேயாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

ஒட்டிய பெட்டிகளை மூட்டையாகக் கட்டி, கணவரின் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே கம்பெனிக்குப் போவாராம். திரும்பும்போது சுமை இருக்காது, பாதையில் ஆளும் இருக்காது. ஒரு காலை மிதியில் வைத்து உந்தி உந்தி, ஏறி ஓட்டவே பழகிவிட்டார். ஒரு நாள் கணவரின் காலில் பாம்பு கடித்தது. அவரைப் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன் இடுப்போடு கட்டி, சிவகாசி ஆஸ்பத்திரிவரை மிதித்திருக்கிறார்.

"பாதி வழியில அந்த ஆளு, மெதுவாப் போ, விளுந்துருவேங்காரு தாயி. பாம்புக்குப் பயப்படல, நா ஓட்டுறதுக்குப் பயந்தாரு!"

நானும் சிரித்தேன். வீட்டில் பேனாவை எடுத்ததும் பயம் வந்தது. பெண்டாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டு போன ஆண் என்று ஊர் சிரிக்காதா? இதையெல்லாமா எழுதுகிறாள் என்று என்னைச் சொல்ல மாட்டார்களா? கணவர் மிதித்ததாகவும், மனைவி பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டதாகவும் மாற்றி எழுதினேன். குழந்தை அழுதாள், அவசரத்தில் நேர்ந்துவிட்டது என்று பிறகு சொல்லிக்கொண்டேன். குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

பொங்கலன்று அதை வாசித்தபோது கைதட்டினார்கள்.

"ஏலே, கடிபட்ட காலோடயா மிதிச்ச? சர்க்கஸ்ல சேந்துருலே!" என்று ஒருவர் கத்தினார்.

கணவர் எழுந்து, "நா எங்க மிதிச்சேன்? அவ முதுகுல சாஞ்சு கெடந்தேன். அவதான் மிதிச்சா," என்றார். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

"எழுத்துல இருக்குலே. என்னத்துக்கு மறைக்க?" என்றார் கத்தியவர்.

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கம் இருந்த அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். 'நான்தான் மாற்றினேன்' என்று அப்போதே எழுந்து சொல்லியிருக்கலாம். குழந்தையின் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் பத்திரிகையை வாங்கிக்கொண்டு, உள்ளபடி எழுதிய புதுத் தாளோடு அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"நாஞ் சொன்னது வெளங்கலையா தாயி?"

"வெளங்குச்சு. உங்க வீட்டுக்காரருக்குக் கௌரவமா இருக்கட்டும்னு..."

"அந்த ஆளே எந்திரிச்சு சொன்னாரு. அவருக்கில்லாத வெக்கம் ஒங்களுக்கு எதுக்கு?"

புதுத் தாளை வாசித்துக் காட்டினேன். தலையசைத்தார். பழைய பக்கத்தின்மேல் முழுவதும் பசை தடவி ஒட்டிவிடச் சொன்னேன். அவர் இடது ஓரத்தில் மட்டும் தடவினார்.

"தூக்குனா பழசு தெரியுமே?"

"தெரியட்டும். ரெண்டையும் படிக்கட்டும்."

பத்திரிகை ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒட்டிய தாளின் கீழ்மூலை, பல விரல்கள் தூக்கித் தூக்கி அழுக்கேறியிருந்தது. என் கணவர் அதைத் தூக்கிப் பார்த்தார். விட்டார். மறுபடி தூக்கினார்.

"ரெண்டும் ஒன் கையெழுத்துதான?"

"ஆமாங்க," என்றேன்.