விண்மீன்கள் பிள்ளை பெறுவதில்லை

வெள்ளியன்று வகுப்பு முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது, ஜெயலட்சுமி அவர்கள் மஞ்சள் காமாலையில் காலமாகிவிட்டதாகச் சொன்னார்கள். நாற்பதுகூட நிரம்பவில்லை. பாவி எமனுக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் இயற்பியல். அறுபதுகளின் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்தோம். சேர்ந்த வாரமே சண்டை. அண்டம் விரிந்தது, விண்மீன் வெடித்தது, அந்தத் தூளிலிருந்து மண்ணும் உயிரும் வந்தன, எல்லாம் ஒரே பரிணாமம்தான் என்று அளந்துகொண்டிருந்தேன். அவர் டிபன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னார்:

"ரத்தத்துல இருக்கற இரும்பு அங்கேர்ந்து வந்ததுதான், ஒத்துக்கறேன். ஆனா நட்சத்திரம் பிள்ளை பெத்துக்கறதில்லையே, மீனாட்சி. பிள்ளை கொஞ்சம் மாறிப் பொறக்கணும், அதுல எது தங்கறதுன்னு பார்க்கணும். அதான் பரிணாமம். சாமான் கடையிலேர்ந்து வந்தா, சமையலும் கடையிலேயா நடந்தது?"

உயிரில்லாத பொருள் எந்தக் கட்டத்தில் அந்தச் சமையலுக்குள் நுழைகிறது என்று ஆராய வேண்டும், அதுவே அவருடைய ஒரே ஆசை. அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நேர்முகத்துக்கு அழைத்தது. அன்றைக்குப் பார்த்துச் சூரிய கிரகணம். அவர் ஐந்து மாதக் கர்ப்பிணி.

டாக்சியோடு மயிலாப்பூரில் அவர் வீட்டுக்குப் போனேன். மாமியார் அவரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். கிரகணம் விட்டுக் குளித்த பிறகு அழைத்துப் போகலாம் என்றார், அன்பாகத்தான். அதற்குள் நேர்முகமே முடிந்துவிடும். சாத்திய ஜன்னலருகே நின்று, கிளம்புங்கள் என்று கெஞ்சினேன்.

"ஆகாசத்துக்கும் வயித்துப் பிள்ளைக்கும் தொடர்பு உண்டுங்கறா எங்க மாமியார்," என்றார் உள்ளிருந்து. "நீங்களும் அதைத்தானே சொல்லிண்டிருந்தேள்?"

சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். பிறகு மாமனாருக்குப் பக்கவாதம். மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லி நான் நச்சரித்தபோதெல்லாம் ஒரே பதில்தான்: "கோபப்படவும் வழியில்லை, மீனாட்சி. ஆத்துல எல்லாரும் பிரியமா இருக்கா." அதைவிடக் கெட்டியான பூட்டை நான் பார்த்ததில்லை.

துக்க வீட்டில் மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு கதறினார். "தங்கமான பொண்ணு. ஒரு நாள் என் பேச்சை மீறி வாசப்படி தாண்டினதில்லை." புகழ்ச்சியாகத்தான் சொன்னார். கிரகணத்தன்று சாத்திய கதவைச் சொல்லிக்காட்ட வாயெடுத்தேன். ஆனால் பெற்றவளைப்போல அழுகிறவரிடம் என்னத்தைச் சொல்ல?

பாடையைத் தூக்கினார்கள். வழக்கப்படி பெண்கள் நாங்கள் எல்லோரும் வாசலோடு நின்றுவிட்டோம். ஜெயலட்சுமி மட்டும் வாசப்படி தாண்டிப் போனார்.

நல்லபடியாகப் போய்ச் சேருங்கள், ஜெயலட்சுமி.