நான் எரித்த அத்தியாயம்

காலையில் சரோஜா அக்கா போன் செய்தார். மகள் அவருடைய செல்போனில் கதை கேட்கும் ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறாளாம். "ஏம்புள்ள, நம்ம குதிரைக்காரன் கதெ இதுல முழுசா வருது! பதினேழாவது அத்தியாயம் ஓடிட்டிருக்குது" என்றார். பதினெட்டாவது அத்தியாயத்தை வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தவள் நான்தான். முப்பத்தைந்து வருஷம் கழித்து அது திரும்பி வரும் என்று யார் கண்டது?

சொல்கிறேன், அவசரப்படாதீர்கள். அப்போது நான் கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்பு பாஸ். எஸ்டேட் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீடுகளில் அது கலெக்டர் உத்தியோகத்துக்குச் சமம். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஒரே ஒரு வாரப்பத்திரிகை வரும், எங்கள் வீட்டுக்கு. மழைக்காலத்தில் அதிலும் பச்சைத் தேயிலை வாசம்தான் அடிக்கும். அதில் வந்த சரித்திரத் தொடரைப் படித்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் சில்வர் ஓக் மரத்தடியில் மற்ற பெண்களுக்குச் சொல்வேன். ராஜா பேசினால் தொண்டையைக் கனைத்துக்கொள்வேன், குதிரை வந்தால் எழுந்து நின்றுவிடுவேன். வெட்கம் என்பது எனக்குப் பிற்காலத்தில் வந்த வியாதி.

கதை இதுதான். ராஜாவுக்கு யாரோ நஞ்சு வைத்துவிட்டார்கள். இளவரசி நீலவேணிக்கோ குதிரைவீரன் செங்கோடன்மேல் மனசு. அவன் நல்லவனா, அவனேதான் நஞ்சு வைத்தவனா? எங்கள் பெண்கள் இதைப் பக்கத்து லைன் விவகாரம் போலவே பேசினார்கள். "எனக்கென்னமோ அவன் முழியே சரியில்லீங்க" என்பார் ஒருவர். முழியை எங்கே பார்த்தாரோ!

சரோஜா அக்கா மட்டும் ஒன்றும் பேசமாட்டார். என்னைவிட நாலு வயது மூத்தவர். ஒருமுறை கல்யாணம் நிச்சயமாகி, மாப்பிள்ளைக்கு ஊரில் ஏற்கெனவே பெண்டாட்டி பிள்ளை இருப்பது தெரிந்து நின்றுபோனது. அதன்பின் கல்யாணம் என்றாலே முகம் மாறிவிடும். தேயிலை லாரி ஓட்டிய பழனிச்சாமி அண்ணன் பெண் கேட்டு ஆறு மாதமாகியும் அக்கா பதில் சொல்லவில்லை. அண்ணனும் அவசரப்படுத்தவில்லை. சனிக்கிழமைகளில் லாரியை மரத்தடிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் கொழுந்து பறித்தபடியே அக்கா சொன்னார்: "அந்த இளவரசி என்ன பண்றாள்னு பாக்கறேன் புள்ள. அவ நம்பினா நானும் நம்பறேன்." நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

அந்த வாரம் பார்த்தா கட்டபெட்டுப் பக்கம் ரோட்டில் மண் சரிய வேண்டும்? பஸ் இல்லை, பத்திரிகையும் இல்லை. போன வாரம் கதை நின்ற இடமோ ஆற்றங்கரை. செங்கோடன் குதிரைமேலிருந்து கை நீட்டி, "வருகிறாயா?" என்று கேட்கிறான். 'பத்திரிகை வரலீங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை பெண்கள் சோற்றுத் தூக்குப்போசியைக்கூடத் திறக்காமல் என் வாயையே பார்க்கிறார்கள். மண்டைக்கனம் விடுமா? "ஏறிட்டா!" என்றேன். "கையப் புடிச்சு ஏறிட்டா! நஞ்சு வெச்சது அரண்மனை வைத்தியன்!" ஒரே கைத்தட்டல். திங்கட்கிழமை அக்கா பழனிச்சாமி அண்ணனுக்குச் சம்மதம் சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு இதழும் சேர்ந்து வந்தன. நஞ்சு வைத்தது செங்கோடனேதான். இளவரசி குதிரையில் ஏறவே இல்லை. அந்தப் பக்கங்களைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் சொருகினேன். ஈர விறகு அன்றைக்குத்தான் நன்றாகப் பற்றியது.

அதற்கப்புறம் தொடர் முடியும்வரை சனிக்கிழமைதோறும் என் சொந்தச் சரக்குதான். வைத்தியனைக் காடு, மலை, கடல் என்று துரத்தினேன். கடலை நான் பார்த்ததே கிடையாது. செத்துப்போன தளபதி ஒருவன் மறதியில் மறுபடி போருக்கு வந்துவிட்டான், யாரும் கேட்கவில்லை. கல்யாணத்தன்று பழனிச்சாமி அண்ணன் அக்காவுக்குப் பாயசம் எடுத்துக் கொடுத்தபோது எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. பல வருஷம் அவர்கள் வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டாலும் ஓடிப்போய் எட்டிப் பார்ப்பேன். அண்ணனோ, பாவம், எறும்பைக்கூட ஊதி விடுகிற மனுஷன். போன வருஷம்தான் காலமானார்.

மத்தியானம் போன் மறுபடி அடித்தது. "கேட்டுட்டேன் புள்ள. குதிரைக்காரன்தான் கொலகாரன்."

அடுப்பில் எரித்தது முதற்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டேன். "என்ற பொய்ய நம்பித்தானுங்கக்கா நீங்க சரின்னீங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அட கிறுக்கி! கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உங்கண்ணன் கோத்தகிரியில அந்தப் பொஸ்தகத்த வாங்கியாந்து, இலை எடை போடுற கொட்டாய்ல வெச்சுப் படிச்சே காட்டுனாரு. 'அந்தப் புள்ள கதைய மாத்திச் சொல்லிருச்சு. நெசத்துல அவன் கெட்டவன். அத நம்பி எனக்குச் சரின்னு சொல்லியிருந்தா, இப்பவே வேண்டாம்னு சொல்லிரு'ன்னாரு. தனக்கு ஆகாதத தானே கொண்டாந்து காட்டுற ஆளு பொய் பேசுவாரா? அன்னிக்குத்தான் நான் மனசாரச் சரின்னேன்."

"ஏனுங்கக்கா, அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நிறுத்திப்போடுவியே! உன்ற கதெ அவருக்கு அம்புட்டுப் பிரியம். லாரிக்குள்ள உக்காந்து ஒரு வாரங்கூட விடாமக் கேட்டாரு." பிறகு அக்காவே கேட்டார். "இந்த போன்ல வர்றது எனக்கு வேண்டாம் புள்ள. நீ சொன்னதச் சொல்லு. அந்த வைத்தியன் கடசில என்ன ஆனான்?"

கடற்கரை வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கப்பல் ஏறினானா, பிடிபட்டானா? யாரைக் கேட்பது? மரத்தடிப் பெண்களில் சிலர் பிள்ளைகளோடு திருப்பூர் போய்விட்டார்கள், பலர் போயே போய்விட்டார்கள். மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு ரிசார்ட்டின் கார்கள் நிற்கின்றன. நான் எரித்த கதை போனில் பத்திரமாக இருக்கிறது. நான் சொன்ன கதை எங்குமே இல்லை.

"மறந்துட்டனுங்கக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"அதுக்கெதுக்கு அழுவற? இந்த வாரமும் மண்ணு சரிஞ்சு பஸ் வரலைன்னு வெச்சுக்க. சொல்லு."