வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது

எங்கள் லைன் வீடுகளில் எனக்கு ராசிக்காரி என்று பெயர். என் மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்றில் ஆபரேஷன் செய்து பிழைத்துக்கொண்டான். நான் செய்த சாதனை அவ்வளவுதான். அதிலிருந்து அக்கம்பக்கத்தில் எந்தப் பச்சைக் குழந்தைக்குக் கத்தி வைப்பதென்றாலும் துணைக்கு என்னைக் கூப்பிட்டுவிடுவார்கள். ராசியாவது மண்ணாவது. ஆஸ்பத்திரி வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு ஓடிவிடத் தோன்றும். ஒரு குழந்தை தவறிப்போனால் இதே வாய்கள் என்னை என்ன சொல்லுமோ என்ற பயம் வேறு.

அறுபதுகளில் ஒரு வெயில் காலம். நான் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டிய இளைஞனுக்குத் தலைச்சன் ஆண் குழந்தை பிறந்திருந்தது. குடித்த பாலையெல்லாம் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தது. தோல் சுருங்கி, குழந்தைக்குக் கிழவன் முகம் வந்துவிட்டது. இரைப்பையின் வாய் அடைத்திருக்கிறது, அறுத்துத் திறக்காவிட்டால் பிழைக்காது என்று கோயமுத்தூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வழக்கம்போல என்னையும் பஸ் ஏற்றினார்கள்.

ஆபரேஷன் அன்று குழந்தையின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக் கூடாது. வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வந்து மூச்சுக்குழாயில் இறங்கிவிடும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தாயின் பால் வாடை பட்டாலே குழந்தை வீறிட்டது. அதனால் நான் அதைத் தூக்கிக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனேன். அந்தப் பெண் ரவிக்கை நனைந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாய் கொடுக்கட்டுமா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் தகப்பன் வந்தான். விடிந்ததும் சிவன்மலை ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டு நேராக பஸ் பிடித்திருந்தான். குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்தால் குழந்தை அழவில்லை, சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரத்தில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பஞ்சாமிர்தமுங்க்கா. சாமி பிரசாதம் ஒண்ணும் பண்ணாதுங்க" என்றான்.

நர்ஸம்மாவிடம் சொன்னால் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவார்கள். இன்னொரு நாள் தாங்குகிற உடம்பா அது? சொல்லாவிட்டால் மேஜையிலேயே மூச்சு அடைத்துப் போகலாம். சொல்லிவிடாதீர்கள் என்று அவன் என் கையைப் பிடித்துக் கெஞ்சினான். உதறிவிட்டு நர்ஸம்மாவைத் தேடி ஓடினேன்.

அவர் எங்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, ரப்பர் குழாயை இறக்கிக் குழந்தையின் வயிற்றைக் கழுவினார். எப்படியும் கழுவத்தான் போகிறோம், ஆனாலும் சொன்னது நல்லதாயிற்று, இனித் தெளிவாக வரும்வரை விடக் கூடாது என்றார். தட்டில் கலங்கலாகத் தண்ணீர் வந்தது. மறுபடி மறுபடி கழுவி, கடைசியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். தகப்பன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாமியவே வெளிய எடுத்துப்போட்டீங்களேக்கா."

அவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வராந்தாவின் மறு கோடிக்குப் போய்விட்டான். குழந்தைக்கு ஏதாவது ஆனால் டாக்டரை யாரும் கேட்கப்போவதில்லை. முருகனை வெளியேற்றியவள் நான்தான். கதவு திறக்கும்வரை நான் பயந்த பயம், என் மகன் உள்ளே இருந்தபோதுகூடப் பயந்ததில்லை. அவனுக்கு நடந்த அன்று என்மேல் பழி எதுவும் இல்லை.

குழந்தை உயிரோடு வெளியே வந்தது. பொழுது சாய்ந்ததும் நர்ஸம்மா கரண்டியால் குளுக்கோஸ் தண்ணீர் ஊட்டினார். மறுநாள் பால் கொடுக்கச் சொன்னார். தாய் மார்போடு அணைத்தாள். குழந்தை வயிறு நிறையக் குடித்தது. இதோ வரும், இதோ வரும் என்று மூவரும் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். எதுவும் வரவில்லை. அப்படியே தூங்கிப்போயிற்று.

தகப்பன் பிரசாதம் வாங்குகிறவன்போல இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் குழந்தையின் வாயருகே ஏந்திக்கொண்டு நின்றான். பால் தங்கிவிட்டது, கையை எடுத்துக்கொள் என்று சொன்னேன்.

"இருக்கட்டுங்க்கா" என்றான்.

நான் வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தபோதும் அவன் கைகளை எடுத்திருக்கவில்லை.