எக்ஸ்ரே படமும் பதினொரு நாளும்

எனக்கு முதலில் வந்தது இருமல். மழைக்காலத்தில் தேயிலை மலையில் இருமாதவர் யார்? மூன்று வாரம் அதைச் சட்டை செய்யவில்லை. அந்தியில் குளிர்காய்ச்சல் அடிக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டுக்காரர் என்னை பஸ் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

அறுபதுகளின் தொடக்கம் அது. மகன் முருகேசுக்கு ஐந்து மாதம். என் பாலைத் தவிர வேறெதுவும் அறியாதவன்.

எக்ஸ்ரே (உடம்பின் உள்பகுதியை நிழலாகக் காட்டும் படம்) எடுக்கும் அறையில், "இரும்பு, நகை எல்லாத்தையும் கழட்டிருங்க" என்றார்கள். தோட்டைக் கழற்றினேன். கொண்டை ஊசியும் இரும்புதானே என்று நல்ல பிள்ளையாக அதையும் உருவிக் கொடுத்தேன்.

படத்தைப் பார்த்த டாக்டர் இளவயதுக்காரர். இடது நுரையீரலின் மேல்பக்கம் நிழல் இருக்கிறது, காசநோய் (நுரையீரலை அரிக்கும் தொற்றுநோய்) என்றார். குழந்தையை உடனே பிரிக்க வேண்டும். மேல்சிகிச்சைக்குக் கண்டிக்கு எழுதித் தருகிறேன் என்றார்.

"பச்சப்புள்ளைங்க ஐயா, என்னா செய்யும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார். டாக்டருக்கே கண் கலங்கியது. நல்ல மனுஷன்.

அடுத்த வீட்டுப் பாப்பாத்திக்கும் அப்போது கைக்குழந்தை. "குடு அக்கா, ஒண்ணுக்கு ரெண்டா குடிச்சிட்டுப் போகட்டும்" என்று முருகேசை வாங்கிக்கொண்டாள். பால் வற்றுவதற்காக, வழக்கப்படி மல்லிகைப்பூவை மார்பில் வைத்து இறுகக் கட்டினார்கள். அந்தக் குளிர்மலையில் மல்லிகைக்கு எங்கே போனார்களோ! கேட்காமலே ஓடிவந்து செய்த அந்த லயத்து வரிசைவீட்டு மனிதர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் முருகேசு அழும்போதெல்லாம் கட்டுத்துணி நனைந்தது. பிறகு நனையவில்லை.

பதினோராம் நாள் கண்டியில், படம் பார்த்தே தலை நரைத்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். மறுபடி படத்தை.

"பிள்ளை, படம் எடுக்கேக்க தலைமயிர் எப்பிடி இருந்தது?"

கொண்டை ஊசியை உருவின கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"இது காசமில்லை, உம்மட பின்னல். தோளுக்கு முன்னால விழுந்திருக்கு. உண்மையான வருத்தம், நோயின்ர நிழல், இஞ்ச கீழ, இதயத்துக்குப் பின்னால ஒளிச்சிருக்கு."

முடியைத் தூக்கிக் கட்டி இன்னொரு படம் எடுத்தார்கள். மேல்நிழல் மாயம். கீழ்நிழல் நிமோனியா (நுரையீரல் அழற்சிக் காய்ச்சல்). பென்சிலின் ஊசியில் குணமாகிவிட்டது.

இளம் டாக்டர் மேல் எனக்குக் கோபமில்லை. இல்லாததைக் கண்டார், இருந்ததை விட்டார். கொழுந்தெடுக்கப் போன புதிதில் முற்றின இலையைக் கிள்ளிக் கங்காணியிடம் திட்டு வாங்கியவள்தானே நான்? பார்த்துப் பார்த்துத்தான் கண் பழகும். உங்கள் கையிலும் இப்படி ஒரு படம் இருந்தால், பழகின கண் ஒன்றிடம் இன்னொரு முறை காட்டக் கூச்சப்படாதீர்கள்.

ஊர் திரும்பியதும் முருகேசை மார்பில் போட்டேன். இரண்டு இழுப்பு இழுத்தான். விட்டுவிட்டு அழுதான். பாப்பாத்தி இருந்த பக்கம் கையை நீட்டினான். எத்தனையோ வைத்தியம் செய்தும் பால் திரும்பவில்லை. அவளிடம் குடித்தே வளர்ந்தான்.

இப்போது அவனுக்கே பேரப்பிள்ளைகள். தீபாவளிக்கு வந்தால் முதலில் பாப்பாத்தி வீட்டுப் படிதான் ஏறுவான். அதுதான் நியாயம். எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்தும் என் மார்புக்குத்தான் அது தெரியவில்லை.