உதைக்காமல் பார்த்துக்கொள்ளவும்

என் அண்ணனின் பேத்தி செல்போனுக்குள் மூன்று பேராக இருக்கிறாளாம். ஒன்றில் அவள் அவளாகவே இருக்கிறாள். இன்னொன்றில் பெங்களூரில் பெரிய வேலை பார்க்கிறாள். மூன்றாவதில் மீசை வைத்த ஆம்பளை. போன வாரம் இது தெரிந்து வீட்டில் ஒரே ரகளை. "நீங்க சொன்னாத்தானுங்க அத்தை கேட்பா, நல்லா நாலு வார்த்தை சொல்லுங்க" என்று அவள் அம்மா என்னைக் கொண்டுபோய்க் கூடத்தில் உட்கார வைத்தாள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தேன். எதிரே அண்ணன். என் முகத்தைப் பார்க்காமல் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பை மட்டும் குலுங்கியது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டேன். ஒரு வாரமாக யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்தத் தொப்பை ஏன் குலுங்கியது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குச் செல்போன் ஏது? பத்திரிகையில் பேனா நண்பர் பகுதி இருந்தது. பேர், வயசு, படிப்பு, பொழுதுபோக்கு, விலாசம் எழுதிப் போட்டால் அச்சில் வரும். எங்கோ இருக்கிற யாரோ கடிதம் எழுதுவார்கள். எங்கள் தோட்டம் கோவிந்தாபுரத்துக்குப் பக்கம். எங்கள் கோழிகள் தமிழ்நாட்டில் மேய்ந்துவிட்டுக் கேரளாவில் முட்டையிடும், எல்லை அவ்வளவு கிட்டே. எனக்குப் பத்தொன்பது வயசு. பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு ஏழு மாட்டையும் இரண்டு எருமையையும் கட்டி ஆண்டுகொண்டிருந்தேன்.

நான் முதலில் உண்மையைத்தான் எழுதினேன். படிப்பு: பத்தாவது பெயில். பொழுதுபோக்கு: சாணி அள்ளுதல். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எனக்கே எனக்குக் கடிதம் போடத் தோன்றவில்லை. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். படிப்பு: கோழிக்கோட்டில் டாக்டருக்கு, மூன்றாம் ஆண்டு. பொழுதுபோக்கு: தபால்தலை சேகரித்தல். என்னிடம் இருந்தவை இரண்டு தபால்தலைகள், இரண்டும் ஒரே மாதிரி. பேரை மட்டும் மாற்றவில்லை. தபால்காரர் குழம்பிவிடுவாரே என்ற ஒரே காரணம்தான், மனசாட்சி எல்லாம் இல்லை.

மூணாறு பக்கத்துச் சூரியநெல்லியிலிருந்து பதில் வந்தது. என்னைவிட ஒரு வயசு சின்னவள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். அம்மாவும் அதே வேலை. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் இருவர் மட்டும், பின்பக்கம் ஒரு பசு. குண்டு குண்டான எழுத்து. "அன்புள்ள டாக்டர் அக்காவுக்கு" என்று ஆரம்பித்திருந்தாள். அந்த மூன்று சொல்லையும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை படித்தேன். அக்கா என்று கூப்பிட எனக்கு ஆளே கிடையாது, டாக்டர் என்று கூப்பிடச் சத்தியமாகக் கிடையாது. கோழிக்கோட்டில் படிப்பவள் ஏன் கோவிந்தாபுரத்திலிருந்து கடிதம் போடுகிறாள் என்று கேட்டிருந்தாள். விடுதி வார்டன் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற பிசாசு, அதனால் சனிக்கிழமை ஊருக்கு வந்து எழுதுகிறேன் என்று பதில் போட்டேன். இல்லாத அந்த வார்டன் மேல் அவளுக்கு வந்த கோபம் அடுத்த கடிதத்தில் ஒரு பக்கம்.

நாலாவது கடிதத்தில் விவகாரம் தொடங்கியது. "அம்மாவுக்குச் சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. நீங்கள்தான் மருந்து சொல்ல வேண்டும்."

நான் ஓடிப்போய் அண்ணனிடம் காட்டினேன். என் பொய் தெரிந்த ஒரே ஆள் அவன்தான், கடிதங்களைத் தபாலாபீசில் போடுகிறவன். ஒருவாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தான்.

"இதுக்குப் போயி எதுக்கு முழிக்கிற? நம்ம காரிக்கு உப்புனப்ப என்ன பண்ணுனோம்?"

"அது மாடுங்ணா."

"மாட்டுக்கென்ன, மனுசனுக்கென்ன. வவுறு வவுறுதான். ஓமம், சுக்கு, பெருங்காயம், பனவெல்லம். எழுதிப்போடு."

எழுதிப் போட்டேன். அடுத்த கடிதத்தில் "குணமாகிவிட்டது அக்கா, லயமே உங்களைப் பற்றித்தான் பேசுகிறது" என்று வந்தது. அன்றைக்கு நான் நடந்த நடையை எங்கள் எருமை கூடத் திரும்பிப் பார்த்தது. பிறகு முழங்கால் வலிக்கு வேப்பெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் புண்ணுக்கு மஞ்சளும் உப்புத் தண்ணீரும். எல்லாமே எங்கள் கொட்டகை வைத்தியம். அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். இதில் யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் நினைத்தேன். சந்தோஷமாக வேறு இருந்தது, அதையும் மறைப்பானேன்.

ஒரு நாள் அம்மாவுக்கு ஒரு வாரமாகச் சாப்பாடே இறங்கவில்லை என்று எழுதியிருந்தாள். தபால் பை கட்டுகிற நேரம் ஆகிவிட்டது. அண்ணன் சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னான், நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன். மிளகு, பூண்டு, வெற்றிலை அரைத்து அரைப்படி தண்ணீரில் கரைக்கவும். உப்பையும் மஞ்சளையும் நாக்கில் அழுத்தித் தேய்க்கவும். தலையைத் தூக்கிப் பிடித்து மூங்கில் குழாயால் ஊற்றவும். இரண்டு பேர் பிடித்துக்கொள்வது நல்லது. உதைக்காமல் பார்த்துக்கொள்ளவும்.

கடிதம் போன பிறகு, சாணி வழித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கடைசி வரி எனக்கு உறைத்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. உதைப்பதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. இதுதான் இருந்தது: "அம்மாவுக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், வயிற்று வலி. எங்கள் தோட்டத்துக் கம்பவுண்டர் பெரிய ஆசுபத்திரிக்குப் போகச் சொல்கிறார். டாக்டர் பிள்ளை சொல்லாமல் எங்கும் வரமாட்டேன் என்று அம்மா படுத்துக்கொண்டிருக்கிறது. கம்பவுண்டரிடம் நானும் சண்டை போட்டுவிட்டேன், எங்கள் அக்காவைவிட உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். என்ன செய்யட்டும் அக்கா? சீக்கிரம் எழுதுங்கள்."

கடிதம் வர நாலு நாள் ஆகியிருந்தது. நான் எழுதினால் இன்னும் நாலு நாள். தந்தி கொடுக்கலாமென்றால், தந்தி என்றாலே சாவு என்று லயம் முழுக்க மாரடித்துக்கொண்டு அழும். என் விளையாட்டால் ஒரு மனுஷி செத்துப் போவாள் என்று எனக்குத் தோன்றியது. சோறு இறங்கவில்லை. என் நாக்கில்தான் உப்பும் மஞ்சளும் தேய்க்க வேண்டியிருந்தது.

"நேர்ல போயிரலாங்ணா" என்றேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் மாடு வாங்கப் போகிறவர்கள் முதலில் சுழி பார்ப்பார்கள். மாட்டின் உடம்பில் மயிர் எந்தெந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்று பார்த்து, இது குடும்பத்துக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்வது. வீட்டில் அதில் கெட்டிக்காரி நான். மலையில் நல்ல கறவை ஒன்று விலைக்கு வருகிறது, சுழி பார்க்கத் தங்கச்சி வேண்டும் என்று அண்ணன் அப்பாவிடம் கூசாமல் அளந்தான். ஒரு பொய்யைக் கழுவ இன்னொரு பொய் வேண்டியிருந்தது. விடிந்ததும் பொள்ளாச்சி, உடுமலை, மூணாறு என்று பஸ் மாறி மாறி, நான் மூன்று தடவை வாந்தி எடுத்து, சாயங்காலம் சூரியநெல்லியில் இறங்கினோம்.

"டாக்டருக்கு வாந்தி வருமா?" என்றான் அண்ணன்.

லயத்தில் விசாரித்ததுதான் தாமதம். "டாக்டரம்மா வந்துட்டாவ" என்று ஒரு குரல் கிளம்பியது. வீடு போய்ச் சேர்வதற்குள் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒரு பெரியவர் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினார். ஒரு பெண் தன் குழந்தையை என் இடுப்பில் வைத்துவிட்டு, "சளி விடவே மாட்டேங்குது" என்றாள். அண்ணன் இன்னொருவர் முதுகைத் தட்டிப் பார்த்து, மாட்டைச் சொல்வது மாதிரி, "நல்ல திடகாத்திரம்" என்று சான்று கொடுத்துக்கொண்டிருந்தான்.

கூட்டத்துக்கு நடுவே அவள் நின்றாள். ஒல்லியாக, தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வந்துட்டீங்களா அக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். என் வாழ்நாளில் அப்படி யாரும் என்னைப் பார்த்து நிம்மதியாக அழுததில்லை. உள்ளே கம்பளிக்குள் அவள் அம்மா சுருண்டு கிடந்தாள். தொட்டால் கை சுட்டது.

இனி ஒரு நிமிஷம் தாமதித்தாலும் தைரியம் போய்விடும் என்று தெரிந்தது. இடுப்பில் அந்தச் சளிக் குழந்தையோடே சொல்லிவிட்டேன்.

"நான் டாக்டருக்குப் படிக்கலைங்க. பத்தாவது பெயிலுங்க. ரெண்டு தடவை. நான் எழுதுனதெல்லாம் மாட்டு மருந்துங்க. தயவு பண்ணி ஆசுபத்திரிக்குப் போங்க."

வெளியே நாக்கை நீட்டியிருந்த பெரியவர் மெதுவாக அதை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கம்பளிக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "எனக்குத் தெரியும்லா."

எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"எங்க ஊர்ல எங்க ஐயா வீட்ல பதினாலு மாடு. அந்த மருந்தெல்லாம் நான் பாவாடை கட்டுத வயசுல அரைச்சது. ஓமம் வரைக்கும் சரின்னு நானும் குடிச்சேன். அப்புறம் வந்ததெல்லாம் பின்னால நிக்கிற பசுவுக்குக் குடுத்தேன். அது நல்லாத்தான் இருக்கு. உதைக்காம பாத்துக்கிடணும்னு எழுதியிருந்தே பாரு, அன்னைக்குக் காய்ச்சலோட விழுந்து விழுந்து சிரிச்சேன்."

"அப்ப ஏம்மா ஆசுபத்திரிக்குப் போகலை?" என்றாள் மகள்.

"எனக்கு ஊசின்னா பயம்ட்டீ. டாக்டர் பிள்ளை சொல்லட்டும்னா நீ சும்மா இருந்தே. நீயும் அந்தக் காகிதத்தை வச்சுக்கிட்டு அவ்வளவு சந்தோசமா இருந்தே, எதுக்குக் கெடுக்கணும்?"

ஊசிக்குப் பயந்த அந்த மனுஷி என் பொய்க்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். இனி ஒளிய இடமில்லை. அண்ணனும் இன்னொருவரும் கம்பளியோடு தூக்கிக் கொழுந்து லாரியில் ஏற்ற, ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். குடல் காய்ச்சல் என்றார் டாக்டர், நிஜமான டாக்டர். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் கைமீறியிருக்கும் என்றார். கம்பவுண்டரும் கூட வந்திருந்தார். மகள் அவர் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்டாள். அவர் சீட்டில் அம்மாவின் பேர் எழுதிக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்குச் செருப்படியைவிட மோசமாக இருந்தது. சண்டை போட்டது அவள், போட வைத்தது நான்.

வராந்தாவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பேராவது உங்க பேரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வார்டன்?"

"இல்ல."

"நான் அந்தப் பொம்பளையை எவ்வளவு ஏசினேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் திடீரென்று கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "மாட்டுக்காரி, பத்தாவது பெயில்னு எழுதியிருந்தா நீ எனக்குக் காயிதம் போட்டிருப்பியா?" என்று கேட்டுவிட்டேன். போட்டிருப்பேன் அக்கா என்பாள், நானும் நன்றாக அழுது தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவள் நிஜமாகவே யோசித்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

ஒரு பொய்யும் எழுதாதவள். அன்றைக்கு வாயாலும் பொய் சொல்லவில்லை. நான் அழவில்லை. மறுநாள் காலையில் நாங்கள் ஊர் திரும்பினோம். மாட்டுக்குச் சுழி சரியில்லை என்று அப்பாவிடம் சொன்னோம்.

அதோடு போயிற்று என்று நினைத்தேன். இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு அதே குண்டு எழுத்தில் ஒரு கார்டு. டாக்டர் என்பதும் இல்லை, அன்புள்ள என்பதும் இல்லை, "அக்காவுக்கு" என்று மட்டும். அம்மா வேலைக்குப் போகிறாள், பசு மூன்று நாளாகத் தீனி எடுக்கவில்லை, என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாள். கீழே கோடு போட்டு ஒரு வரி: "இது நிஜமாகவே மாட்டுக்கு."

அவள் அம்மாவுக்கு மருந்து எழுத எனக்கு ஐந்து நிமிஷம் கூட ஆனதில்லை. இந்தக் கார்டுக்குப் பதில் எழுத மூன்று நாள் ஆனது. தெரியாத வைத்தியமா? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனாலும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அண்ணனைக் கேட்டேன், அப்பாவைக் கேட்டேன், கொல்லங்கோட்டுக்குப் பஸ் ஏறிப்போய் மாட்டு டாக்டரிடமும் கேட்டேன். தப்பாகப் போனால் இந்த முறை ஒளிந்துகொள்ள அந்தக் கோழிக்கோட்டு டாக்டர் இல்லையே, நான்தானே இருந்தேன்.