சாக்கு அடுக்கிய கழிப்பறை

குடவாசல் பக்கம் நடவுக்கு ஆள் வேண்டும் என்றால் முதலில் வேம்புவைத்தான் கேட்பார்கள். பெண்களைத் திரட்டி, நடவை மொத்தக் கூலிக்குப் பேசி, நாற்றுப் பறிப்பதிலிருந்து கடைசிக் குத்து நடுவது வரை தன் பொறுப்பில் முடித்துக் கொடுப்பவள். அவளுடைய செட்டு கிளம்பும்போது தூக்குவாளிகளோடு நான்கு மூங்கில் கழிகளும் ஒரு பழைய சேலையும் கூடவே கிளம்பும். வயலுக்குப் போனதும் முதல் வேலை, வரப்பு மேட்டில் கழிகளை ஊன்றிச் சேலையைச் சுற்றிக் கட்டுவது. அந்த மறைப்பு வருவதற்கு முன்னால் அந்தப் பெண்கள் பொழுது சாயும்வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். குடித்தால் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லை. வெட்டவெளியில் வெயிலில் குனிந்து ஊருக்குச் சோறு போடுகிறவள் தாகத்தை விழுங்கிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத சட்டம். வேம்பு அதை ஒரு பழைய சேலையால் மாற்றினாள். முதலில் கேலி செய்த மற்ற செட்டுகளும் பிறகு கழி வெட்டிக்கொண்டன.

இவ்வளவு செய்தவளுடைய மகள்தான் கண்ணுசாமியின் நெல்லுக்குப் பக்கத்தில் ஒன்றுக்கு இருந்துவிட்டாள்.

குறுவை அறுவடை முடிந்து சம்பா நடவு தொடங்கும் நேரம். அறுத்த நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கண்ணுசாமி ஊரிலேயே பெரிய பண்ணைக்காரர், ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவராக இருந்தவர். அங்கன்வாடிக்கு எதிரே பாதிச் சாலையை அடைத்து அவர் நெல் காய்ந்தது. பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கன்வாடியிலிருந்து நாலு வயது செம்மொழி ஓடி வந்தாள். மேற்கொண்டு ஓட முடியவில்லை. சாலையோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஓடிய ஈரம் நெல்லின் ஓரத்தைத் தொட்டது.

அன்று வேம்புவின் செட்டு கண்ணுசாமியின் நாற்றங்காலில்தான் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தது. அங்கன்வாடி டீச்சர் ஜெயபாரதி போன் செய்ததும் வேம்பு சேற்றுக் காலோடு ஓடி வந்தாள். பிள்ளை டீச்சரின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. சாலையில் கூட்டம்.

"என்ன வேம்பு, இப்படித்தான் புள்ளைய வளத்து வச்சிருக்கியா? மகாலட்சுமி மேல மூத்திரத்த உட்டிருக்கு. பரிகாரம் பண்ணியாகணும்" என்றார் கண்ணுசாமி.

"எங்கண்ணே? காட்டுங்க."

அவள் வாயிலிருந்து வரும் அந்த 'அண்ணே' அவருக்கு எப்போதும் பிடிக்காது. அவள் அப்பா அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டார். கண்ணுசாமி காலால் சுட்டிக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதுவும் வெயிலில் பாதி காய்ந்திருந்தது. வேம்பு குனிந்து பக்கத்திலிருந்து நாலு புழுக்கையைப் பொறுக்கினாள்.

"இது யாரு போட்டது?"

"ஆடு."

"அதுக்கு யாரு பரிகாரம் பண்ணுனா?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அந்த நெல்லின் மேல் காலையிலிருந்து எத்தனையோ லாரி ஏறி இறங்கியிருந்தது. அந்த நேரத்தில்கூட நடுவில் ஒரு நாய் சுருண்டு படுத்திருந்தது. மகாலட்சுமிக்கு டயரும் நாயும் ஆகும். நடவுக்காரர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருக் குழந்தையின் ஒரு சொட்டு மட்டும் ஆகாது.

"அது வாயில்லாத சீவன்."

"எம் மவளுக்கு வாயிருக்கு. வருதுன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டுத்தான் ஓடியாந்திருக்கா."

"பொட்டப்புள்ள, நடுரோட்டுல..."

"ஆம்பளப்புள்ளன்னா பரவால்லையாண்ணே?"

போன வாரம் தஞ்சாவூரிலிருந்து வந்த கண்ணுசாமியின் பேரன் இதே பூவரச மரத்தடியில் நின்றுகொண்டே ஒன்றுக்கு அடித்தான். 'பாருங்கய்யா, பம்புசெட்டு போட்டுட்டான்' என்று தாத்தா ஊரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். அதைப் பார்த்தவர்கள் பாதிப்பேர் இப்போதும் கூட்டத்தில் நின்றார்கள்.

ஆளுக்கொன்று பேசினார்கள். சின்னப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் போகும், இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்றார் ஒருவர். வெளியில் விடவே கூடாது, வீட்டிலேயே முடித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்றார் இன்னொருவர். தன் மகள் அஃப்ரீனைக் கூட்டிப்போக வந்திருந்த ஹமீதா பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எங்க அஃப்ரீனு வெளியில உக்கார மாட்டா. தண்ணி ஊத்திக் கழுவணும்னு பழக்கி வச்சிருக்கோம். இங்க தண்ணி ஏது? வீட்டுக்கு வர்ற வரைக்கும் அடக்கியே வச்சிருக்கா. போன மாசம் காச்ச கண்டு கும்பகோணத்துக்குத் தூக்கிட்டு ஓடுனோம். மூத்திரத்துல கிருமின்னாரு டாக்டரு. அடக்குனா அப்படித்தான் வருமாம்."

"கேட்டுக்கங்க. வெளியில விடலாமா கூடாதான்னு இங்க நின்னு பேசுறீங்க. புள்ளைக்கு வர்றதுக்கு யாரும் பூட்டு போட முடியாது. பூட்டு அங்க கெடக்கு" என்று வேம்பு அங்கன்வாடியின் பின்பக்கம் கை காட்டினாள்.

அங்கே ஒரு கழிப்பறை இருந்தது. குழந்தைகளுக்கென்றே அரசாங்கப் பணத்தில் கட்டியது. கட்டிய நாளிலிருந்து அதில் கண்ணுசாமியின் காலிச் சாக்குகள்தான் இருந்தன. தலைவராக இருந்தபோது நாலு நாளைக்கு என்று சொல்லி அடுக்கியவர், பதவி போன பிறகும் எடுக்கவில்லை. சாவி அவர் வண்டிச் சாவியோடு தொங்கியது. ஊரில் எல்லாருக்கும் அது தெரியும். தெரிந்தே பழகிப் போயிருந்தது.

கண்ணுசாமியின் முகம் கறுத்தது. "எனக்கே பாடம் நடத்துறியா? நெல்லு முன்னாடி கற்பூரம் ஏத்தி விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேளு. இல்லன்னா நாளையிலேந்து உம் புள்ள இங்க வரக்கூடாது. டீச்சர், பேர அடிச்சிருங்க."

பிள்ளையை விட வேறு இடமில்லை. வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. அங்கன்வாடி இல்லையென்றால் வேம்புவுக்கு நடவு இல்லை. அது தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தார். வேம்பு இடுப்பிலிருந்து போனை எடுத்து நாற்றங்காலில் நின்ற தன் செட்டைக் கூப்பிட்டாள்.

"வள்ளியம்மைக்கா, பறிச்சது போதும். எல்லாரும் கரையேறுங்க."

"நீ இல்லன்னா எங்க நாத்து கெடந்து அழுவுமா? நீடாமங்கலத்துலேந்து மிஷின் வந்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார் கண்ணுசாமி.

நெல் கிண்டிக்கொண்டிருந்த அவருடைய ஆளே சிரித்துவிட்டார். நடவு இயந்திரத்துக்குத் தட்டில் பாய்போல வளர்த்த நாற்று வேண்டும். அவர் சேற்றில் விதை தெளித்து வளர்த்திருந்தார். கோபத்தில் அது மறந்துபோய்விட்டது.

"வரச்சொல்லுங்கண்ணே. வர்றப்பவே நாத்துப் பறிக்க நாலு பொம்பளையையும் மிஷினே கூட்டியாரட்டும்."

மறுநாள் காலையும் செம்மொழி அங்கன்வாடிக்கு வந்தாள். வேம்பு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள், பக்கத்தில் ஹமீதா. பேரை அடிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று ஜெயபாரதி மெதுவாகச் சொன்னாள். பிறகு கண்ணுசாமிக்கே போன் போட்டுக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். அவர் வேறு செட்டுகளைக் கேட்டுப் பார்த்தார். சம்பா நேரம், எல்லாருக்கும் கை நிறைய வேலை. விஷயம் தெரிந்ததும் வரக்கூடிய ஒன்றிரண்டு பேரும் வேறு வயலைப் பார்த்துப் போனார்கள். நாற்று முற்றத் தொடங்கியது.

கண்ணுசாமியின் வயலை நம்பி வேறு எதையும் பேசாததால் வேம்புவின் செட்டுக்கும் அது பட்டினி நாள்தான். வள்ளியம்மை அவளைவிட வயதில் மூத்தவள். சாயங்காலம் வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு கற்பூரந்தானேடி. கொளுத்தித் தொலச்சுட்டு வேலையப் பாப்பியா. என்னமோ தலைய வெட்டச் சொன்ன மாதிரி."

"ஏத்துனா அவ தப்புப் பண்ணுனான்னு ஆயிரும்க்கா. எம் புள்ள என்ன தப்பு பண்ணுச்சு? சொல்லு, இப்பவே ஏத்துறேன்."

ஒன்பதாவதோடு வேம்புவின் படிப்பு நின்றது எதனால் என்று வள்ளியம்மைக்குத் தெரியும். வயதுக்கு வந்த பிள்ளைகள் கருவேலங்காட்டுக்குத்தான் ஒதுங்க வேண்டியிருந்தது அந்தப் பள்ளிக்கூடத்தில். ஒருநாள் பையன்கள் பின்னாலேயே வந்தார்கள். வேம்புவின் அப்பா பையன்களைத் தட்டிக் கேட்கவில்லை, மகளை நிறுத்திவிட்டார். கணக்கில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள் நாற்று முடியைக் கையில் எடுத்தது அப்படித்தான். அது நாலு வயதிலேயே தன் மகளிடம் தொடங்குவதை அவள் விடப்போவதில்லை.

"சரி, கஞ்சி இருந்தாக் குடு" என்றாள் வள்ளியம்மை. மறுநாள் அவளும் வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள்.

வாய்க்காலில் தண்ணீர் முறை முடியப்போகிற நேரம் வந்தது. அதை விட்டால் கண்ணுசாமியின் வயல் காயும். அன்று காலை வண்டியை நிறுத்தி, வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி டீச்சரிடம் நீட்டினார்.

"ஆள விட்டு சாக்க எடுத்துப் போட்டுக்கங்க."

"வச்சவங்கதாண்ணே எடுக்கணும்" என்றாள் வேம்பு.

அவர் டிராக்டருக்குப் போன் செய்தார். சாக்குகள் வெளியே வந்தன, எலிகளும் வந்தன. அடியில், குழந்தைகளுக்கென்று குட்டியாகப் பதித்த பீங்கானும் மீன் படம் போட்ட டைல்ஸும் புத்தம் புதிதாக இருந்தன. ஊர் எட்டி எட்டிப் பார்த்தது. வளைகுடாவில் குழாய் வேலை பார்த்துவிட்டு வந்திருந்த ஹமீதாவின் கணவர் சித்தீக், துருப்பிடித்த குழாயை மாற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டார். தண்ணீர் விழுந்த சத்தத்துக்குப் பிள்ளைகள் கைதட்டின.

அஃப்ரீன் முதலில் உள்ளே போய் வந்தாள். அவ்வளவுதான், அத்தனை பிள்ளைக்கும் வந்துவிட்டது. வரிசை அங்கன்வாடியைச் சுற்றி வளைந்தது. பையன்களையும் வரிசையில் தள்ளினாள் ஜெயபாரதி. வெளியே வந்த பிள்ளை நேராக வரிசையின் கடைசிக்கு ஓடியது, மறுபடியும் போக. செம்மொழி கவுன் முழுக்க நனைந்து வெளியே வந்து, "அம்மா, வரல. ஆனா போவலாமா?" என்றாள்.

"போ" என்றாள் வேம்பு. "எத்தன தடவ வேணாலும் போ."

கண்ணுசாமி வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். "ஏ வேம்பு, தண்ணி நாளைக்கு நின்னுரும். நடவுக்கு எப்ப வருவ?"

செட்டுப் பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டே அவள் வரிசையைப் பார்த்தாள். இன்னும் பாதிப் பிள்ளைகள் நின்றன.

"புள்ளைங்க எல்லாம் ஒரு தடவ போயிட்டு வரட்டும்ணே. வந்துர்றோம்."

அவர் வண்டியை அணைத்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பிள்ளை போய் வரும்வரை பூவரச மரத்தடியில் காத்திருந்தார்.