பஸ் விட்டுப் போன சந்திரகலா

குவைத்தில் அப்பாசியாவின் நெரிசலான தெரு ஒன்றில் இருந்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் சந்திரகலா பஸ் இன்சார்ஜாக இருந்தாள். காலையில் பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளியில் இறக்குவது, மதியம் பள்ளியில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குவது, இதுதான் வேலை. இதற்கு பி.காம். படித்திருக்க வேண்டியதில்லை. அவள் படித்திருந்தாள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து நாமக்கல்லிலிருந்து வந்த புதிதில் வேறு வேலை தேடினாள், கிடைக்கவில்லை. இதைத் தற்காலிகம் என்று ஒப்புக்கொண்டாள். பதினோரு வருஷமாகத் தற்காலிகமாகவே போய்க்கொண்டிருந்தது.

அத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் விட்டுவிட்டு வந்ததில்லை. தூங்கிப்போய் சீட்டுக்கு அடியில் உருண்ட பிள்ளை, பாத்ரூமில் ஒளிந்த பிள்ளை, அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வர மாட்டேன் என்று ஏசி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பிள்ளை எல்லாமே வந்து சேர்ந்திருக்கின்றன.

அவள் கணவன் உமாபதி ஒரு கட்டுமானக் கம்பெனியில் அக்கவுண்டன்ட். எங்கேயும் போகப் பிடிக்காதவர். ஆபீஸுக்குப் போவார், வெள்ளிக்கிழமை காய்கறி வாங்கப் போவார், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் ஊருக்குப் போவார். மூன்றிலுமே திரும்பி வரும்போதுதான் முகத்தில் தெளிவு வரும். பெண் சுஷ்மிதா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தாள்.

2005-இல் கோடை லீவு தொடங்கிய வாரம், சூப்பர் மார்க்கெட் குலுக்கலில் சந்திரகலாவுக்குப் பரிசு விழுந்தது. மத்தியதரைக் கடலோரமாக ஒரு வாரம் துருக்கிச் சுற்றுலா, இரண்டு பேருக்கு. விசா முதல் சாப்பாடு வரை எல்லாம் டிராவல்ஸ்காரர்கள் பொறுப்பு.

உமாபதி போன் போட்டு, இதற்குப் பதிலாக வாஷிங் மெஷின் தருவீர்களா என்று விசாரித்தார். தர மாட்டார்கள்.

"நீங்களும் வாங்க, போயிட்டு வரலாமுங்க" என்றாள் சந்திரகலா.

"அரையாண்டுக் கணக்கு முடிக்கோணும், லீவு கெடைக்காது. அதுவுமில்லாம கடல்தான் இங்கயே இருக்குதே."

"இங்க இருக்கற கடலுக்கும் நாம போனதில்லைங்களே."

"போகாட்டி என்ன, இருக்குதில்ல."

இரண்டாவது சீட்டு மாடி வீட்டு அஸ்மத் பீவிக்குப் போனது. கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கணவர் செய்கு முகம்மதுக்குத் தெருமுனையில் பகாலா, அதாவது மளிகைக்கடை. விஷயத்தைச் சொன்னதும் அஸ்மத் பீவி கேட்ட ஒரே கேள்வி: "அங்க மீன் கெடைக்குமா?"

அன்டால்யா என்ற ஊரில் விமானம் இறங்கியது. குழுவில் பெரும்பாலும் குவைத்திக் குடும்பங்கள். கைடு எம்ரே என்ற இளைஞன், அரபி நன்றாகப் பேசினான். முதல் நாள் தோல் ஜாக்கெட் கடை, இரண்டாம் நாள் நகைக்கடை, மூன்றாம் நாள் கம்பளக்கடை. ஒவ்வொரு கடைக்கும் போகிற வழியில் பஸ்ஸின் இடது பக்கம் கடல் வரும். நீலமாக, பச்சையாக, மலையடிவாரத்தில் மடங்கி மடங்கி வரும். எம்ரே மைக்கில் அதன் பெயரைச் சொல்வான். பிறகு வலது பக்கம் ஒரு கடை வரும்.

"ஜன்னல் வழியா பாக்கறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் அஸ்மத் பீவி.

"நாளைக்கு எறக்குவாங்க பீவிக்கா."

நாலாம் நாள் ஃபினிகே என்ற சிறிய துறைமுக ஊரில் மதியச் சாப்பாட்டுக்கு இறக்கினார்கள். ஊரைச் சுற்றி ஆரஞ்சுத் தோட்டம், நடுவில் படகுத்துறை. சாப்பிட்டதும் அஸ்மத் பீவி லுஹர் என்கிற மதியத் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனார். எம்ரேயிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், அவனும் தலையாட்டினான். சந்திரகலா துணைக்குப் போய் வாசலில் இருந்த மர நிழலில் அவர் செருப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது பஸ் நின்ற இடத்தில் ஏசி தண்ணீர் சொட்டிய ஈரம் மட்டும் இருந்தது.

"என்ன சந்திரா, பஸ்ஸக் காணோம்?"

"போயிருச்சுங்க்கா."

"நம்மள விட்டுட்டா?"

"ஆமாங்க்கா."

சந்திரகலாவுக்கு முதலில் பயம் வரவில்லை. தொழில்ரீதியான ஆச்சரியம்தான் வந்தது. எப்படி விட முடியும்? எண்ணினால் இரண்டு பேர் குறையுமே. குறைந்தால் தேடணுமே. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. குவைத் சிம் இங்கே வேலை செய்யவில்லை. பாஸ்போர்ட் ஹோட்டலில். துருக்கி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. அஸ்மத் பீவிக்கு அரபி தெரியும், ஆனால் பள்ளிவாசலில் அல்லாஹ்வைத் தவிர வேறு யாருக்கும் அது புரியவில்லை என்று அவரே வந்து சொல்லியிருந்தார்.

இருவரும் அந்த ஈரத்தின் பக்கத்திலேயே நின்றார்கள். ஈரம் காய்ந்தது. அப்புறமும் நின்றார்கள்.

"எவ்வளவு நேரம் நிக்கிறது?" என்றார் அஸ்மத் பீவி.

"விட்டுட்டுப் போயிட்டா அதே எடத்துல நிக்கோணும், அசையக் கூடாதுங்க்கா. நானே எங்க புள்ளைககிட்டச் சொல்லியிருக்கறேன்."

"நாம என்ன புள்ளைகளா?"

சந்திரகலா யோசித்தாள். இல்லை என்றுதான் பட்டது.

கைப்பையில் ஹோட்டல் விலாசச் சீட்டு இருந்தது. செலவுக்கு அஸ்மத் பீவியிடம் கொஞ்சம் லிராவும் இருந்தது. படகுத்துறைக்கு எதிரே மினி பஸ்கள் வரிசையாக நிற்பதை சந்திரகலா பார்த்தாள். கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. அன்டால்யா என்ற எழுத்து அவளுக்குப் பழகியிருந்தது, அந்த வண்டியில் ஏறினார்கள். டோல்முஷ் என்று அந்த வண்டிக்குப் பேர். கையைக் காட்டினால் நிற்கும், சொன்ன இடத்தில் இறக்கிவிடும். பின்சீட்டில் இருப்பவர் காசைக் கொடுத்தால் அது கை மாறிக் கை மாறி டிரைவரிடம் போகும். மிச்சச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். யாரும் யாரையும் எண்ணவில்லை. சந்திரகலா அதைக் கொஞ்ச நேரம் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு பஸ்ஸை ஓட்டலாம் என்று அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

கும்லுஜா என்ற ஊரில் சந்தை நடந்துகொண்டிருந்தது. அஸ்மத் பீவி டிரைவரின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார்.

"இங்க எதுக்குங்க்கா?"

"தக்காளியப் பாத்தியா?"

சந்திரகலா பார்த்தாள். குவைத்தில் விலை கேட்டால் கண்ணீர் வரும், அப்படிப்பட்ட தக்காளி மலையாகக் குவிந்திருந்தது. அஸ்மத் பீவி கையாலும் புருவத்தாலுமே பேரம் பேசி, ஊர் திரும்பிச் சமைக்கப் போகிறவர் மாதிரி ஒரு பை நிறைய வாங்கினார். கடைக்காரக் கிழவி கூடவே ஒரு கைப்பிடிப் பச்சை மிளகாயைச் சும்மா போட்டாள். அடுத்த வண்டியைப் பிடித்தார்கள்.

மலை ஏறி இறங்கியதும் பைன் மரங்களுக்கு நடுவே மறுபடி கடல் தெரிந்தது. அது டெகிரோவா. இந்த முறை சந்திரகலாதான் வண்டியை நிறுத்தினாள். மரங்களுக்கிடையே நடந்து போனால் கூழாங்கல் கரை. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து மெல்லிய ரொட்டி தேய்த்து, உள்ளே பாலாடைக்கட்டி வைத்து, கவிழ்த்த இரும்புக் கல்லில் சுட்டுக்கொண்டிருந்தாள். அஸ்மத் பீவி ஒன்றை வாங்கிப் பிய்த்துப் பார்த்து, மாவு இன்னும் கொஞ்சம் ஊறியிருக்கலாம் என்று அவளிடமே தமிழில் சொன்னார். அவள் சிரித்து இன்னொன்று கொடுத்தாள். தக்காளிப் பையையும் கைப்பைகளையும் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடலைக் காட்டினாள். போங்கள் என்பதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை.

சந்திரகலா சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை இறங்கினாள். கல் உள்ளங்காலில் குத்தியது. தண்ணீர் சில்லென்றிருந்தது, தன் கால் விரல்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அவள் நாமக்கல்காரி, இதுவே அவளுக்கு அதிகம். திரும்பிப் பார்த்தால் அஸ்மத் பீவி அபாயா அங்கியோடு முழங்கால், இடுப்பு என்று போய்க்கொண்டிருந்தார்.

"பீவிக்கா, ஆழமுங்க."

"இருக்கட்டும்."

"நீச்சல் தெரியுமாங்க்கா?"

"தெரியாது."

சந்திரகலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவளும் இடுப்பு வரை நனைந்துவிட்டாள். ஓர் அலை வந்து இரண்டு பேர் முகத்திலும் அடித்தது.

"உப்பு" என்றார் அஸ்மத் பீவி.

"கடல்னா உப்புதானுங்க்கா."

"தெரியும். வாயில பட்டதில்ல."

"கீழக்கரையில கடல் பக்கந்தானுங்க?"

"எங்க வீட்டு மொட்டமாடியில நின்னா தெரியும். வாப்பாவுக்குக் கடல்லதான் தொழில், அண்ணன் தம்பியெல்லாம் பொழுதன்னைக்கும் தண்ணியிலதான் கெடப்பானுவ. பொம்பளப் புள்ள வயசுக்கு வந்தா அந்தப் பக்கம் போகக் கூடாது. நான் போகல." முகத்துத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "போகணும்னு தோணவும் இல்ல. இப்பத்தான் தோணுது" என்றார்.

சந்திரகலா அவர் கையை விடவில்லை. வெயில் மலைப்பக்கம் சாயத் தொடங்கும்வரை அப்படியே நின்றார்கள். குளிர் தாங்காமல் அஸ்மத் பீவிக்குப் பல் கிட்டியபோதுதான் கரையேறினார்கள்.

கெமெர் என்ற பெரிய ஊரில் வண்டி மாற வேண்டியிருந்தது. கடற்கரையெங்கும் வெள்ளைக்கார ஆண்களும் பெண்களும் துணி இல்லாத குறையாகப் படுத்திருந்தார்கள். சந்திரகலா கீழே பார்த்து நடந்தாள். அஸ்மத் பீவி நன்றாகவே பார்த்தார்.

"இதுகளுக்கெல்லாம் சளி பிடிக்கும்" என்றார்.

இதற்கிடையில் அன்டால்யாவில் நடந்தது இது. பஸ் ஹோட்டலை அடைந்ததும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த எகிப்து தம்பதி எழுந்து, இது எங்கள் ஹோட்டல் இல்லையே என்றார்கள். ஃபினிகேயில் பக்கத்தில் நின்ற தங்கள் வெள்ளை பஸ் என்று நினைத்து இதில் ஏறியவர்கள். எம்ரே தலைகளை எண்ணியிருந்தான், கணக்குச் சரியாக இருந்தது, ஆள்தான் மாறியிருந்தது. அந்த இன்னொரு பஸ்ஸில் எண்ணவே இல்லை போலிருக்கிறது, அதுவும் போய்விட்டது. எம்ரே போலீசுக்கு ஓடினான். டிராவல்ஸ் ஆபீஸ் குவைத்துக்குப் போன் போட்டு, உங்கள் மனைவியைக் காணவில்லை என்று உமாபதியிடம் சொன்னது.

"அவ தொலைய மாட்டாளே" என்றார் உமாபதி. போனை வைத்துவிட்டார்.

பொழுது இருக்கும்போதே இருவரும் ஹோட்டல் வாசலில் வந்து இறங்கினார்கள். படிக்கட்டில் உட்கார்ந்திருந்த எம்ரே அவர்களைப் பார்த்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து அழுதான். அஸ்மத் பீவி அவனுக்குத் தக்காளி கொடுத்தார்.

"தலைய எண்ணக் கூடாது, பேரைக் கூப்பிடோணும்னு அவன்கிட்டச் சொல்லுங்க்கா" என்றாள் சந்திரகலா. அஸ்மத் பீவி அரபியில் சொன்னார்.

வீட்டுக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாடி வீட்டுக்குப் போட்டாள். செய்கு முகம்மது எடுத்தார். இரண்டு பேரும் நலம் என்று கேட்டு அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, "உமாபதியத்தான் காணோம்மா, கதவு பூட்டிக் கெடக்கு" என்றார்.

அவரே டாக்ஸி பிடித்து ஆபீஸ், மார்க்கெட் என்று தேடிக்கொண்டு போனார். கடைசியில் பார்த்தால் உமாபதி விமான நிலையத்தில், புறப்பாட்டுப் பகுதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. பைக்குள் அவர் பாஸ்போர்ட், ஓர் இஸ்திரி போட்ட சட்டை, சந்திரகலாவின் சேலை ஒன்று. விசா இல்லை, டிக்கெட் இல்லை. ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேட்டிருக்கிறார், இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே இருந்துவிட்டார்.

மறுநாள் காலை போனில் கிடைத்தார்.

"எங்கீங்க போயிருந்தீங்க?"

"ஏர்போர்ட்டுக்கு."

"எதுக்குங்க?"

"வீட்ல இருக்க முடியல. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டனுங்க."

"செரி, வை. பில்லு ஏறும்."

வைத்த பிறகும் சந்திரகலா ரிசீவரைக் கையில் பிடித்தபடி நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தனக்காக ஓர் இடத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை என்று தோன்றியது. அது விமான நிலையத்தோடு நின்றுபோனது அவளுக்குக் குறையாகப் படவில்லை.

மிச்ச நாட்களில் பஸ் வாசலில் நின்று பெயர் கூப்பிடும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். முதல் நாள் ஒரு மாதிரி பார்த்தார்கள். மறுநாளிலிருந்து தாடி வைத்த பெரிய மனிதர்கள்கூடப் பெயர் வந்ததும் "நஅம்", அதாவது ஆமாம், என்று அடக்கமாகச் சொல்லி ஏறினார்கள். ஒரு கடையைத் தள்ளிவிட்டு ஒரு மணி நேரம் கடலில் இறக்கிவிடும்படி அஸ்மத் பீவி எம்ரேயிடம் கேட்டார். இனி எதையும் மறுக்கிற நிலையில் அவன் இல்லை.

குவைத் திரும்பிய பிறகு, அக்டோபரில் வெயில் தணிந்ததும், சந்திரகலா பள்ளி மேனேஜரிடம் போய் வெள்ளிக்கிழமை ஒரு பஸ் கேட்டாள். டீசல் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். டிரைவர் முகம்மது சித்தீக்குக்கு அன்று வேறு வேலை இல்லை. அப்பாசியாவின் பெண்கள் வந்தார்கள். பத்து வருஷமாக இதே தெருவில் இருந்தும் குவைத்தின் கடலைப் பார்க்காத ராதிகா, மூன்று பிள்ளைகளோடு அகிலா. முதலில் பினைதர் கரைக்குப் போனார்கள், அடுத்தது தெற்கே கைரான். ஆட்கள் குறைவாக இருக்கிற பகுதியாகப் பார்த்து முகம்மது சித்தீக் நிறுத்துவார், நிறுத்திவிட்டுத் தன் சீட்டில் திரும்பிப் படுத்துக்கொள்வார். அஸ்மத் பீவி முதல் ஆளாக இறங்கி நேரே தண்ணீருக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், இங்கே கொண்டுவாங்க என்பார்.

புருஷன்மார்களும் வரலாம், ஆனால் வந்தால் தண்ணீரில் இறங்க வேண்டும் என்பது சந்திரகலாவின் சட்டம். அதனாலேயே பல பேர் வருவதில்லை. உமாபதி இரண்டு குளிர்காலம் வரை வரவில்லை. மூன்றாவதில் ஒரு வெள்ளிக்கிழமை, காய்கறிப் பையை வைத்துவிட்டு, பேசாமல் பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தார். கைரானில் பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டு, ஆபீஸ் சட்டையோடு, வரிசையில் நிற்பவர் மாதிரி தண்ணீரில் நின்றார். அன்று முழுக்க அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பைலகா தீவுக்குப் படகில் போனார்கள். போகும் வழியெல்லாம் உமாபதி வாந்தி எடுத்தார். வரும் வழியில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சந்திரகலா அவர் முதுகைத் தடவிவிட்டபடி, இனி நீங்கள் வீட்டிலேயே இருங்கள் என்றாள்.

"ஏன்," என்றார் உமாபதி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் எடமில்லையா?"